உங்கப்பா சொன்ன ரெண்டு வருஷம்

என் மகன் உருண்டைக்கு அம்மா எழுதுவது. நீ, மருமகள், பாப்பா மூணு பேரும் அந்த குவைத் வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்கணும். இங்கே நான் இருக்கிறேன், அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லை. டயாலிசிஸ் மிஷினில் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், இடது கையில் ஊசி குத்தியிருக்காங்க, வலது கை சும்மாதானே கிடக்குது. போனில் உன் குரலைக் கேட்டதும் அழுகை வந்துடுது, சொல்ல வந்தது நின்னு போகுது. இங்கே நர்ஸ் செல்வகுமாரி இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புறேன் என்றிருக்கிறாள். தப்பு இருந்தா சிரிக்காதே.

உங்கப்பா காரியம் முடிந்து நீ பிளேன் ஏறின பிறகு வூடு ரொம்பப் பெரிசாயிடுச்சு. முன்னெல்லாம் அவர்தான் வண்டியில் கூட்டி வருவார், இப்ப பஸ்சில் வருகிறேன், மூலக்குளத்து நெரிசலில் பஸ் நகராமல் நிற்கும்போது இன்னா இவ்ளோ நேரம்னு கூடச் சேர்ந்து திட்ட ஆள் இல்லை. யோசித்துப் பார்த்தியா, நாம எல்லாரும் நான் போறதுக்குத்தான் தயாரா இருந்தோம். கிட்னி போனதும் நானே ஸ்டுடியோவுக்குப் போய், பட்டுப்புடவை கட்டி, மாலை போட்டு மாட்டுறதுக்குன்னு ஒரு போட்டோ எடுத்து பீரோவில் வைத்திருந்தேன். அவருக்கு ஒரு போட்டோ இல்லை. கரும்புக்குத் தண்ணி பாய்ச்சப் போன மனுஷன் வரப்பிலேயே சாய்வார்னு யாருக்குத் தெரியும். உன் கல்யாண போட்டோவில்தானே அவரை வெட்டி எடுத்து மாட்டினே, அவர் தோள் பக்கம் என் புடவை ஓரம் கொஞ்சம் தெரியுது. சாப்பிடும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். டாக்டர் எனக்குத் தண்ணியை அளந்துதான் குடிக்கச் சொல்லியிருப்பதால் அவர் என் எதிரில் தண்ணி குடிக்க மாட்டார். மாட்டுக் கொட்டகையில் ஒரு சொம்பை மறைத்து வைத்திருந்திருக்கிறார், நேத்துதான் பார்த்தேன். கழுவி அங்கேயே கவிழ்த்து வைத்தேன்.

இப்ப நீ சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். உன் கிட்னி எனக்கு வேணாம்டா. பாப்பா இன்னும் நடக்கவே ஆரம்பிக்கலை. மருமகள் சரிங்க அத்தை என்றுதான் சொன்னாள், ஆனா குரல் கம்மிப் போச்சு. அம்மா சாவுக்கு ஆசைப்பட்டுச் சொல்லுதுன்னு நினைக்காதே. போன மாசம் ஒரு நாள் இனிமே மிஷினே வேணாம்னு படுத்துக் கிடந்தது நிஜம். மூச்சு வாங்கினதும் நானே எழுந்து பஸ் ஏறிட்டேன். எனக்கு இன்னும் ஆசை இருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சது. உங்கப்பா டீக்கடையில் கேட்டுட்டு வந்து சொல்வாரே, அமெரிக்காவில் பன்னி கிட்னியை மனுஷனுக்கு வச்சுட்டாங்களாம் ஆதி, இடுப்பில் கட்டிக்கிற மிஷினும் வரப்போகுதாம், ரெண்டே வருஷத்தில் நம்ம பாண்டிக்கு வந்துடும் என்பார். பன்னி கிட்னியா, வேணவே வேணாம் சாமின்னு நான் சொன்னா, வச்சதும் உன்னை ஏரிக்கரையில் மேய விட்டுட்டு நான் நிம்மதியா தூங்குவேன் என்று கிண்டல் பண்ணுவார். அந்த ரெண்டு வருஷத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை நாள் தவறாமல் மிஷினுக்கு வருவேன். நீயும் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டுட்டு போனை வச்சிடாமல், புதுசா இன்னா வந்திருக்குதுன்னு அவர் மாதிரி சொல்லு. ஒண்ணும் வரலைன்னா வரலைன்னே சொல்லு.

வெயிலில் அலையாதே, தண்ணி நிறைய குடி, வீடியோவில் பேசும்போது என் எதிரிலேயே குடி, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். வீராம்பட்டினத்து அம்மன் உங்க மூணு பேரையும் கண் போல காப்பாத்தட்டும்.

உன் அம்மா
ஆதிலட்சுமி

மிஷின் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு, ஒண்ணு கேட்கிறேன். அந்தப் பன்னி கிட்னி, இடுப்பு மிஷின் பத்தி டாக்டரிடம் கேட்டதுக்கு, அதெல்லாம் நம்ம ஊருக்கு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாதும்மா என்றார். அப்ப உங்கப்பா அந்த ரெண்டு வருஷத்தை எங்கேயாவது கேட்டுட்டு வந்து சொன்னாரா, இல்லை நான் இருக்கணும்னு அவரா சொன்னாரா?