உன் பென்சனுக்குப் போட்ட பொன்னாடை

போன ஞாயிற்றுக்கிழமை பேட்டையில் சங்கக் கட்டடத்துக்குள் கால் வைத்ததும் சந்தனப் பவுடர் வாசனை வந்தது. பீடித் தூள் ஊறிப்போன அந்த இடத்தில் அப்படி மணக்க மணக்க வருகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். நிமிர்ந்து பார்த்தேன். முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உன் புருஷன் உட்கார்ந்திருந்தார்.

நீ உயிரோடு இருந்திருந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "அவுக மெலிஞ்சிட்டாவளோ?" என்று கேட்டிருப்பாய். மெலியவில்லை, ஏட்டி. தொப்பை போட்டிருக்கிறது. அது உன் பென்சனில் வளர்ந்த தொப்பை.

நான் எதற்கு அங்கே போனேன் என்று கேட்பாய். இந்த வருஷத்தோடு பீடிக் கடையில் எனக்கு வேலை முடிகிறது. நீயும் நானும் சந்தா கட்டிய நம் பழைய சங்கத்தின் பென்சன் திட்டம் அப்படியே இருக்கிறது. அதற்குப் போட்டியாகப் புதுச் சங்கம் ஒன்று முளைத்து, அதுவும் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. வேலையை விட்டு நிற்கிறவர்கள் எதில் வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். கட்டிய பணம் கூடவே வந்துவிடுமாம். பழையதில் சாகிறவரை மாதாமாதம் வரும், செத்த பிறகு அதில் பாதி குடும்பத்துக்கு. புதியதில் மாதம் என்று ஒன்றும் கிடையாது. மொத்தமாகக் கையில் கொடுத்து, கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள்.

முந்தின வாரம் புதுச் சங்கத்தின் கூட்டத்துக்கும் போயிருந்தேன். பந்தல் போட்டு, ஆளுக்கொரு பாட்டில் கலர் கொடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன்தான் தலைவராம். "ஆச்சி, மொத்தமா கைக்கு வந்திருச்சுன்னா நீங்கதான் ராணி" என்றான்.

"ராணிக்கு மறுமாசம் மருந்து வாங்க யாருய்யா குடுப்பா?" என்று கேட்டேன். பல்லைக் காட்டிவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டான். கலரும் இனிக்கவில்லை.

எனக்கு மனசில் ஒன்றுதான் இருந்தது. கடையில் என் பேரில் கொடுத்த கார்டில் கணக்கான பீடியில் பாதி என் மகள் கை சுற்றினது. கல்யாணத்துக்கு முன்னாலும் சுற்றினாள், தாலியோடு திரும்பி வந்த பிறகும் சுற்றுகிறாள். அவளுக்குத் தனியாகக் கார்டு கொடுக்க மாட்டோம் என்று கடைக்காரர்கள் சாதித்துவிட்டார்கள். நம் ஊரில் எந்த வீட்டில்தான் அப்படி இல்லை? கார்டு ஒருத்தி பேரில் இருக்கும், சுளகைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். நீயே எத்தனை வருஷம் உன் மாமியார் கார்டுக்குச் சுற்றிக் கொட்டினாய். அந்தக் கிழவி உன் பீடியில் பென்சன் வாங்கிக்கொண்டு, உனக்குச் சுடுசோறு போடாமல் செத்தாள். அதை நீ மறந்தாய். நான் மறக்கவில்லை. அதனால், எனக்குப் பிறகு வருகிற பாதியாவது என் மகளுக்கு வர வேண்டும் என்று கேட்கத்தான் பழைய சங்கத்துக்குப் போனேன்.

அங்கே என்ன நடந்தது தெரியுமா? செயலாளர் அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, "நம்ம திட்டத்தால ஒரு குடும்பம் எப்படித் தலை நிமிந்து நிக்குன்னு இவுகளே சொல்லுவாவ" என்று உன் புருஷனை மேடைக்குக் கூப்பிட்டார். பொன்னாடை போட்டார். ஏட்டி, பொன்னாடை! உனக்கு ஒரு நாளும் ஒரு சேலை எடுத்துக் கொடுத்திராத ஆளுக்கு.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எம் பொஞ்சாதி ராப்பகலா உழைச்சவ. போன பெறகும் எனக்குச் சோறு போடுதா" என்றார். கண்ணைக்கூடத் துடைத்தார். முன்வரிசைப் பெண்கள் கை தட்டினார்கள்.

நான் எழுந்துவிட்டேன். "அண்ணாச்சி, அவ உசுரோட இருக்கையில இவரு எங்கன சாப்பிட்டாருன்னு அந்த மைக்குலயே சொல்லச் சொல்லுங்க."

"சங்கரன்கோயில்ல, சின்ன வீட்டுல!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். ஒரே சிரிப்பு.

"பழசெல்லாம் இப்ப எதுக்கு மயினி?" என்றார் உன் புருஷன்.

"யாருக்குவே மயினி? அவ நெஞ்சு அடைச்சுக் கெடக்கையில தூக்கித் தொடைச்சது அவ தங்கச்சி. அவளுக்கு ஒரு துண்டு உண்டா? அவ பதினாறாம் நாள் விசேஷத்தன்னைக்கு எலை போடுததுக்கு முந்தியே அவ கார்டு எங்கன்னு கேட்ட ஆளுல்லா நீரு!"

செயலாளர் கையை ஆட்டி, "ஆச்சி, குடும்ப விசயத்த இங்கன பேசப்படாது. வாரிசுன்னு இவுக பேரை அந்தம்மாதான எழுதிக் குடுத்தாவ" என்றார்.

அதில்தான் நான் உட்கார்ந்துவிட்டேன். எழுதிக் கொடுத்தது நீ. பக்கத்தில் நின்றது நான்.

சங்க ஃபாரத்தில் நீ வாரிசு எழுதின அன்றைக்குக் கடையில் ஒரே கூட்டம். கணக்கப்பிள்ளை, "வாரிசு யாரும்மா?" என்று கேட்டார். உன் தங்கச்சியும் நம்மோடு நின்றாள். உன் புருஷன் உன்னை விட்டுப் போய் அதற்குள் எத்தனையோ தீபாவளி போயிருந்தது. "ஏட்டி, தங்கச்சி பேரைச் சொல்லு" என்று உன் இடுப்பில் இடித்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "கழுத்துல கெடக்க வரைக்கும் அவுகதான" என்றாய். சரி, பேரைச் சொல் என்றார் கணக்கப்பிள்ளை. புருஷன் பேரை எப்படிச் சொல்வாய்? என்னைப் பார்த்தாய். அத்தனை பெண்களும் பார்க்க, அந்த ஆள் பேரை என் வாயால் சொல்ல வைத்தாய். அன்றைக்கு ஆற்றில் இறங்கி மூன்று தடவை வாய் கொப்பளித்தேன். உன் தங்கச்சி அழுதுகொண்டே உன் இலைக்கட்டையும் சேர்த்துச் சுமந்து வந்தாள்.

அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை. உன்னோடு பேசினேன், பக்கத்தில் உட்கார்ந்து சுற்றினேன், நீ போனதும் உன்னைக் குளிப்பாட்டினவளும் நான்தான். ஆனால் உள்ளுக்குள் உன்னை மன்னிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல் தங்கச்சி வாயில் மண்ணைப் போட்டவள் என்றே உன்னை வைத்திருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் செயலாளரிடம் போனேன். "என் கதை வேற அண்ணாச்சி. எனக்குப் பெறகு எம் மகளுக்குன்னு எழுதுங்க. எம் வீட்டு மனுசனுக்கு வேண்டாம், அவரு மக கம்மலையே வித்துக் குடிச்சவரு."

"வீட்டுக்காரர் உசுரோட இருக்கையில வேற யாரு பேரை எழுதுனாலும் செல்லாது ஆச்சி. பாதி அவருக்குத்தான் போவும்."

"அப்படின்னா அவ தங்கச்சி பேரை எழுதியிருந்தா?"

"எழுதியிருந்தாலும் இவருக்குத்தான். புருஷன் இருக்காருல்லா."

"பெறகு எதுக்குவே அவகிட்ட அந்தக் கேள்வியக் கேட்டிய?"

"ஃபாரத்துல கட்டம் இருக்குல்லா ஆச்சி, நெரப்பணும்லா" என்றார், டீயை ஊதிக்கொண்டே.

நிரப்ப ஒரு கட்டம். அதற்காக உன்னை ஊர் முன்னால் தலைகுனிய வைத்து, என் வாயை நாற வைத்து, உன் தங்கச்சியை அழ விட்டிருக்கிறார்கள். நீ என்ன சொல்லியிருந்தாலும் பணம் அந்தப் பவுடர் மூஞ்சிக்குத்தான் போயிருக்கும். இத்தனை வருஷம் சந்தா வாங்கினவர்களில் ஒருத்தனாவது இதை நம்மிடம் சொன்னானா? அங்கே ஜன்னலோரம் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

மறுநாள் புதுச் சங்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் யோக்கியர்கள் என்று அல்ல. கறுப்புக் கண்ணாடிக்காரன் என் கையெழுத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, அடுத்த ஆளைத் தேடினான். மொத்தமாக வருவதை வாங்கி, அங்கேயே வைத்து என் மகள் கையில் கொடுத்துவிடுவேன். நான் உயிரோடு இருக்கும்போது நானே கொடுப்பதை எந்தக் கட்டமும் தடுக்க முடியாது. மாதாமாதம் வருவது எனக்கு இனி இல்லை. வெற்றிலைக்கும் மருந்துக்கும் மகள் முகத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். "யாம்மா இப்படிப் பண்ணுன?" என்று அவள் ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள். அவள் முகம் கடைசி வரைக்கும் இப்படியே இருக்குமா என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

உன்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். அந்த ஆளுக்காக நீ தரையைப் பார்த்து நின்றது நின்றதுதான். ஆனால் பணத்துக்காக உன்மேல் வைத்திருந்த கோபத்தை எடுத்துவிட்டேன். என் நெஞ்சில் அந்த இடம் காலியாகக் கிடக்கும் என்று நினைக்காதே. டீயை ஊதிக்கொண்டே பேசினாரே, அவரை அங்கே உட்கார வைத்திருக்கிறேன். நான் சாகிறவரை அவர் எழுந்து போக முடியாது.