தம்பி என்று சொல்லிவிட்டேன்

ஞாயிறு, அதிகாலை நான்கு மணி

ஹார்ட்கோர் ரேவில், விடியவிடிய அதிரடி இசைக்கு ஆடும் அந்தப் பெரிய மண்டபத்தின் நடுவில், சித்தியின் மகன் கவின் மயங்கி விழுந்தான். முதலுதவிக்காரி இவர் யார் என்று கேட்டாள். தம்பி என்றேன். எங்கள் வீட்டில் வேறு எப்படிச் சொல்வது? உங்கள் அப்பாவுக்கு இதய வருத்தம் உண்டா என்றாள். இல்லை என்றேன். தண்ணீர் கொடுத்து, சற்று நேரம் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

எட்மண்டன் வீட்டுக்கு வந்து அவன் படுத்த பிறகுதான் உறைத்தது. கூடப்பிறந்த தம்பி என்று நினைத்து அவள் கேட்டது அவனுடைய அப்பாவைப் பற்றி; நான் சொன்னது என் அப்பாவைப் பற்றி. சித்தப்பா நாற்பது வயதில் மாரடைப்பில் போனவர்.

எழுப்பினேன். "எனக்கு ஒண்டுமில்லை அக்கா. அம்மாவுக்குச் சொல்லிப் போடாதை" என்று திரும்பிப் படுத்தான். உதடு வெளிறியிருக்கிறது.

மருத்துவ உதவிக்கான 111க்குப் போன் எடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். இந்த முறை தம்பி என்று சொல்லமாட்டேன்.