ரேடியேட்டரில் வெங்காயத் தோல்

மே 18, ஞாயிறு

கார் ஏன் சூடாகிறது என்று நானே கண்டுபிடித்துவிட்டேன். கையில் வெங்காய வாடை இன்னும் போகவில்லை. தூக்கமும் வரவில்லை.

இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதிலிருந்து என் வீட்டுக்காரர், "வித்துருவோம் ஸ்டெல்லா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். என் சம்பளத்தில் வாங்கிய கார் அது. காலையில் நானே பானெட்டைத் திறந்தேன். கூலன்ட் குறையவில்லை, எங்கும் ஒழுகவில்லை, ஃபேனும் சுற்றியது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் இடுக்கில் டார்ச் அடித்தேன். கம்பளி விரித்தது போல் வெங்காயத் தோல். காற்றே புக வழியில்லை. ஒட்டன்சத்திரம் மண்டியில், மூட்டை பிரித்துக் கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில்தான் தினமும் அவர் வண்டியை நிறுத்துகிறார்.

எல்லாவற்றையும் எடுத்துக் கழுவிவிட்டு, மாலையில் ஏசி போட்டு ரெட்டியார்சத்திரம் வரை ஓட்டிப்போய் வந்தேன். சூடு காட்டும் முள் நடுவை விட்டு அசையவில்லை. தனியாகப் பாட்டுக்கூடப் பாடினேன்.

ஒரு கை தோலை அவரிடம் நீட்டினேன். சின்ன வெங்காய வியாபாரி அல்லவா, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது பெரிய வெங்காயம், பெல்லாரித் தோலு. நம்ம சரக்கு இல்ல."

"அப்பச் சரி. நாளைக்கு பஸ்ல போங்க" என்றேன்.

சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.