பறிக்காத பன்னீர் ரோஜா

அக்கா,

இன்று நாயுடுபுரத்தில் இருக்கும் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். நீ போன பிறகு இதுதான் முதல் முறை. மச்சான் கட்டிக்கொண்டு வந்தவள் கதவைத் திறந்ததுமே பன்னீர் ரோஜா மணந்தது. அவள் கொண்டையில் உன் செடியின் பூ. நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னாள். நல்லவளாகத்தான் தெரிந்தாள்.

நம் ஊர் பள்ளங்கியிலிருந்து படிப்புக்காக நான் உன்னிடம் வந்து தங்கியபோதே வாசலில் இரண்டு செடிகள் இருந்தன. கிளைகளைக் கவாத்து செய்ய நீயே கத்தி தீட்டுவாய். வெட்டிய நுனிகளில் சாணியை உருட்டி அப்புவாய். உறைபனி நாட்களில் சாக்கைப் போர்த்தி, பிள்ளைக்குப் போர்வை சரிசெய்வதுபோல ஓரங்களை இழுத்துவிடுவாய். ஆனால் ஒரு பூவைக்கூடப் பறிக்கமாட்டாய்.

"ரெண்டு செடி பூத்துக் கெடக்கு, சாமி படத்துக்கு ஒண்ணு கெடையாது. மகாராணி பாக்குறதுக்குல்ல வளக்குறா!" என்பார் உன் மாமியார்.

"செடியிலேயே உதிரட்டும் அத்தே" என்பாய்.

ஒருநாள் நானும் கேட்டேன். சாக்கை இழுத்துவிட்டபடி, முகத்தைத் திருப்பாமல் சொன்னாய்: "ரெண்டு பிள்ளையும் மூச்சில்லாமப் பொறந்துச்சு. ஆம்பளைங்க துணியில சுத்தி வெள்ளனே எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க பொதைச்சாங்கன்னு பெத்தவகிட்டச் சொல்லக்கூடாதாம். எனக்கு ஒரு எடம் வேணும்ல, தாயி?"

அதற்குப் பிறகு, ரோஜாவைக் காதலுக்கு உவமை சொல்லும் பக்கம் எந்தப் புத்தகத்தில் வந்தாலும் புரட்டிவிடுகிறேன்.

மூன்றாவதும் அப்படியே பிறந்தது. அதன் பிறகு நீயும் எழுந்திருக்கவில்லை. உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, "பூவும் பொட்டுமாப் போறா, குடுத்து வச்சவ" என்றார்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். உன் மாமியார் கூடையோடு செடியருகே போனார். ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"பறிக்காதீங்க அத்தே. அக்காவுக்குப் பிடிக்காது."

"தள்ளு புள்ள. அவளுக்கில்லாத பூவா?"

அழுதுகொண்டே, மொட்டுகூட மிச்சம் வைக்காமல் பறித்தார். உன் தலையில் ரோஜாவை அன்றுதான் பார்த்தேன். லட்சணமாக இருக்கிறாய் என்றார்கள்.

இன்று செடிகளைப் பார்த்தேன். இந்த ஆண்டு கவாத்து நடக்கவில்லை. கிளைகள் கண்டபடி நீண்டு கிடந்தன. புதியவள் ஒரு பூவைக் கிள்ளி நீட்டினாள். "வச்சுக்க தங்கச்சி. வாசம் வீட்டையே தூக்குது."

பிள்ளை பெறப்போகிறவளிடம் உன் கதையை எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் நாளைக்கும் பறிப்பாள்.

"பூ வேண்டாங்க்கா. குச்சி வெட்டிக்கிறேன்."

"பூவ விட்டுட்டு முள்ளக் கேக்குறியே!" என்று சிரித்தாள்.

மூன்று குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். துணியில் சுற்றிய அந்தக் கனத்தை வழி நெடுக உணர்ந்தேன்.

பூண்டுப் பாத்தியின் ஓரத்தில் நட்டு, நுனிகளில் சாணி வைத்தேன். அம்மா வந்து நின்றாள்.

"எதுக்குடி மூணு? சரி, பூத்தா சாமிக்காவது ஆகும்."

"செடியிலேயே உதிரட்டும்மா."

அம்மா என்னையே பார்த்தாள்.

எது துளிர்க்கும், எது காயும் என்று தெரியாது. இதை எழுதும்போதும் விரலில் சாணி வாடை அடிக்கிறது. வெளியே பனி இறங்கத் தொடங்கிவிட்டது. சாக்கை எடுத்துக்கொண்டு போக வேண்டும், அக்கா.