நிறைந்தபடியே திரும்பும் போத்தல்

செவ்வாய், இரவு. ஜன்னலுக்கு வெளியே பதுளை முழுக்க மூடுபனி.

உடல்நல வகுப்பில், ஒரு வாரம் நாங்கள் குடிக்கும் தண்ணீரைக் குறித்துவரச் சொல்லியிருந்தார்கள். என் தாளில் காலை, மதியக் கட்டங்கள் ஏழு நாளும் காலி. தினமும் போத்தலை நிரப்பிக்கொண்டு போகிறேன். அது நிறைந்தபடியே விடுதிக்குத் திரும்புகிறது. ஏன் என்று மேடம் கேட்டார். தாகமே எடுப்பதில்லை என்றேன். அது உண்மைதான்.

மாலையில், தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். சிரித்தாள்.

"கொழுந்து எடுக்கிற மலையில எங்கடி ஒதுங்குறது? சாயந்தரம் கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டு லயத்து வீட்டுக்கு வந்துதான் நான் தண்ணியே குடிப்பேன். நீ வயித்துல இருந்தப்பவும் அப்படித்தான்."

"இன்னும் அடிவயிறு வலிக்குதாம்மா?"

"அது கெடக்கு. நீ சாப்பிட்டியா?"

அதிலிருந்து மனம் அந்த மலையிலேயே நிற்கிறது. பனி இறங்குகிறது. செடிகள் எல்லாம் இலை இலையாகக் குடிக்கின்றன. நடுவில் அம்மா, உலர்ந்த உதட்டோடு. அவளுக்குள்ளே நான், தாகமில்லாமல் இருக்கப் பழகிக்கொண்டு.

இப்போது இரண்டு டம்ளர் குடித்துவிட்டேன். வெறும் தண்ணீர் இவ்வளவு இனிக்குமா?

எழுந்து போக வேண்டும். கழிவறை பத்தடி தூரத்தில்தான். விளக்கு எரிகிறது, கதவுக்குத் தாழ்ப்பாளும் இருக்கிறது. ஆனாலும் அடக்கிக்கொண்டுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.