அப்பா கழுவிய கோப்பைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, தொடங்கிவிட்டேன். உன் நலத்தைவிட உன் முழங்காலின் நலம் அறியவே ஆவல். அலுப்பாக இருக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

மழை விட்டபாடில்லை. மாடிப்படி விளக்கு மறுபடி போய்விட்டது. அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் மாறவில்லை. அப்பா பிள்ளைகளை மைதானத்தில் ஓட விட்டார், சித்தப்பா நீச்சல் குளத்தில் நீந்த விட்டார், ஓய்வு பெற்றும் இரண்டு பேர் கழுத்திலும் விசில் தொங்குகிறது. சாயங்காலம் ஆனால் சமையலறை மேசையில் அதே வழக்கு, எந்த விளையாட்டின் பயிற்சியாளர் பெரியவர் என்று. ஆளுக்கு இரண்டு நிமிடம், ஸ்டாப்வாட்ச் வைத்து. கால்பந்துக்காரர்தான் என்பார் சித்தப்பா, பதினொரு தலைக்கனத்தை ஒரே அறையில் அடைத்து மேய்க்கிறாரே என்பார். ஓட்டம் சொல்லித் தருகிறவர்தான் என்பார் அப்பா, அவர் நின்ற இடத்திலேயே மூச்சு வாங்குகிறாராம். அண்ணா, அது வயசு என்பார் சித்தப்பா. தோற்றவர் காபி கோப்பைகளைக் கழுவ வேண்டும் என்பது நீ சிறுமியாக இருந்தபோது போட்ட சட்டம். இருவரும் இதுவரை தோற்றதில்லை. ஆகவே கழுவுவது நான்.

முழங்கால் மறுபடி கிழிந்ததை என்னிடம் மட்டும் சொன்னாய். மருத்துவர் இனி ஓடாதே என்கிறார், அடுத்த மாதம் அணிக்கான தேர்வு ஓட்டம், நிறுத்தினால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுதாய். அவரிடம் மூச்சு விடாதே என்றாய். விடவில்லை. சுமந்துகொண்டு திரிகிறேன். ஆனால் நீ அனுப்பிய பயிற்சி வீடியோவை அவர் வேகத்தைக் குறைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இடது கால் ஊன்றத் தயங்குது என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

நேற்று சித்தப்பா வம்புக்குக் குத்துச்சண்டையை இழுத்தார். அடி வாங்குறது ஒருத்தன், மூலையில துண்டோட நிக்கிறவன் என்ன பெரிய ஆளா என்று. அப்பா ஸ்டாப்வாட்ச்சைத் தொடவே இல்லை. கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "தன் ஆளு இன்னும் நின்னுட்டிருக்கும்போதே போதும்னு துண்டை உள்ள எறிஞ்சு ஆட்டத்தை நிறுத்துறான் பாரு, அவன்தான்டா பெரியவன்" என்றார். அப்ப உங்க ஓட்டக்காரர் என்ன ஆனார் என்று சித்தப்பா சீண்டினார். தோத்துட்டார் என்று சொல்லிவிட்டு எழுந்தார் அப்பா.

கோப்பைகளைக் கழுவினார். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, சட்டையெல்லாம் நனைய. ஒரு கோப்பையின் காது போய்விட்டது, உன்னுடையது மேல் தட்டில் பத்திரம். சித்தப்பா சிரிக்கவில்லை. அப்பா திரும்பாமலே என்னிடம் சொன்னார், "துண்டை எறிஞ்சுட்டேன்னு அவளுக்கு எழுது."

எழுதிவிட்டேன். ஓடுவதோ நிறுத்துவதோ உன் கையில், கண்ணு. அவருக்காக ஓட வேண்டியதில்லை, அது மட்டும் தெரிந்துகொள்.

ஐஸ் ஒற்றடத்தை மறக்காதே, படிகளில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. எங்கே இருந்தாலும் மனசு நிறைந்து நன்றாக இரு.

இப்படிக்கு,
நேற்று கோப்பை கழுவாத
உன் அம்மா