சீனாக்காரன் கட்டுவான்

நவம்பர் 6, புதன்

தேர்தலில் ஜெயித்துவிட்டோம். காலை ஆறு மணிக்கே லோவெல் போன் செய்தான். "அக்கா, நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு" என்றான். என் தம்பிக்கு ஐம்பத்தாறு வயதாகிறது, எழுநூறு ஏக்கரில் சோயா போடுகிறான், ஆனாலும் என்னைக் கேட்காமல் ஒரு சட்டை வாங்க மாட்டான். "ரெண்டு பேரும் ஒண்ணுதான், நான் ஓட்டுப் போடப் போகல" என்று சோபாவில் படுத்திருந்தவனை நேற்று நான்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அவன் மட்டுமா? டைனர் ஓட்டலில் காபி குடிக்க வருகிற பாதிப் பேருக்கு எடுத்துச் சொன்னது நான்தான். நம்ம ஆள் சொல்கிறபடி வெளிச்சரக்குக்கு இறக்குமதி வரி போட்டால் சீனாக்காரன் கட்டுவான், அந்தப் பணத்தில் நம் பாரம் குறையும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? பத்தொன்பது வருஷமாக சீனாவிலிருந்து வாணம் இறக்குகிறவள் நான். மிசூரியில் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியப்போகிறது?

ஜனவரி 21

பனி. ஆர்டர் அனுப்பியாகிவிட்டது. இரண்டு கன்டெய்னர். ஒன்று ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தின ஊர் வாணவேடிக்கைக்கு (டெண்டர் மார்ச்சில்தான், ஆனால் வருஷா வருஷம் எனக்குத்தான் வரும்), இன்னொன்று நெடுஞ்சாலை ஓரத்தில் நான் போடுகிற கூடாரக் கடைக்கு.

மார்ச் 11, செவ்வாய்

நகரசபையில் வாணவேடிக்கை டெண்டர் பிரித்தார்கள். பக்கத்து ஊர் ரஸ் பிக்கெட்டும் போட்டிருந்தான். என்னைவிட விலை கூட. அது போதாதென்று கடைசியில் ஒரு வாக்கியம்: இறக்குமதி வரி ஏறினால் அந்த வித்தியாசத்தை ஊர் தர வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

என் தாளில் போன வருஷ விலைதான். கூடவே எழுதியிருந்தேன்: வரி எவ்வளவு ஏறினாலும் அது என் பாடு.

மேயர் கோல்மன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வெர்னா, யோசிச்சுத்தான் எழுதினியா?" என்று கேட்டார்.

"ஒரு கையெழுத்து பத்தாதுன்னா சொல்லுங்க, ரெண்டு போடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டெண்டர் எனக்கு.

வெளியே ரஸ் என் வண்டிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அந்த வரி நம்ம தலையிலதான் விடியும், வெர்னா. எதுக்கும் ஏஜென்ட்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

"டெண்டர் போன வயித்தெரிச்சல்ல பேசாத. கதவை விடு" என்றேன்.

ஏப்ரல் 10

வரி ஏறிக்கொண்டே போகிறது. டைனர் டிவியில் புதிய எண் வந்ததும் கை தட்டினோம். அங்கே சீனாவில் யாருக்கோ இன்று சாப்பாடு இறங்கியிருக்காது என்றேன். லோவெல் விழுந்து விழுந்து சிரித்தான்.

என் இரண்டு கன்டெய்னரும் இன்றுதான் அங்கே கப்பலேறுகின்றன.

மே 8, வியாழன்

கான்சாஸ் சிட்டியிலிருந்து தெரேசா கூப்பிட்டாள். எனக்கு சுங்க வேலையெல்லாம் பார்த்துக்கொடுக்கிற ஏஜென்ட். வரிப் பில் வந்திருக்கிறதாம். தொகையைச் சொன்னாள். சரக்கின் விலையைவிட அதிகம்.

"சரி, அதை அங்க அனுப்பிடு. சரக்கு அனுப்பினவங்களுக்கு."

தெரேசா மெதுவாகச் சொன்னாள். "வெர்னா, இது இறக்குறவங்க கட்டறது. நீங்க கட்டினாத்தான் துறைமுகத்துலேருந்து சரக்கை விடுவாங்க."

"இது எப்பத்துலேருந்து?"

"எப்பவுமே அப்படித்தான். பத்தொன்பது வருஷமா நீங்கதான் கட்டிட்டு வர்றீங்க. என்னோட பில்லுல நாலாவதா இருக்கும். அப்பல்லாம் ரொம்பச் சின்னத் தொகை, நீங்க கேட்டதே இல்ல."

போனை வைத்துவிட்டேன். அவளிடம் சரி என்றுகூடச் சொல்லவில்லை.

மே 9

பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். நாலாவதாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும். பக்கத்திலேயே என் கையெழுத்து.

படிக்கவே இல்லையே — பத்தொன்பது தடவை கீழ இருக்கிற மொத்தத்தை மட்டும் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கேன். என்ன பொம்பள நான்? டைனர்ல உக்காந்து ஊருக்கே பாடம் எடுத்தேனே!

மே 10

சீனாவிலிருந்து சரக்கு அனுப்புகிற லியாங் அம்மாவிடம் பேசினேன். நல்ல மனுஷி. கொஞ்சம் விலை குறைத்துத் தருகிறேன் என்றாள். அதற்கு மேல் முடியாதாம். "உங்க அரசாங்கம் போட்ட வரி. நான் எப்படிங்க கட்டுவேன்?" என்று கேட்டாள். விலைக் குறைப்புக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

மே 14

இரண்டு வழி. கோல்மனிடம் போய்க் கெஞ்சலாம். ஊர்ப் பணத்தில் தருவார்கள், அதற்காக நீச்சல்குளத்தை ஒரு மாசம் மூடுவார்கள். அல்லது எழுதிக் கொடுத்த சொல்லை நானே சுமக்கலாம்.

நானே சுமக்கிறேன். என் வாயால் வந்தது. ஊர் கன்டெய்னருக்கு வரி கட்டியாகிவிட்டது. ஏரியில் நின்ற படகு போயிற்று, சேமிப்பில் பெரும்பகுதியும் போயிற்று. கடைக் கன்டெய்னரைத் துறைமுகத்திலேயே, கிடைத்த விலைக்கு, டெக்ஸஸ் வியாபாரி ஒருவனிடம் தள்ளிவிட்டேன். இந்த வருஷம் கடை கிடையாது. வருஷம் முழுக்க நான் சாப்பிடுவது அந்த இரண்டு வாரக் கடையால்தான். பரவாயில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்ட ஆள் தேடுகிறார்கள், எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. பட்டினி கிடக்க மாட்டேன்.

ஜூன் 20

ஏன் கூடாரம் போடவில்லை என்று லோவெல் கேட்டான். முட்டி வலி என்றேன்.

ஐம்பத்தாறு வருஷத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் பொய். வரியைப் பற்றிச் சொன்னதுகூட நம்பித்தான் சொன்னேன்.

ஜூலை 5, சனி

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

பேஸ்பால் மைதானத்தில் மடக்கு நாற்காலிகளோடு ஊரே கூடியிருந்தது. இன்னும் வெளிச்சம் போகவில்லை. நான் ஓரத்தில் ஒயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கோல்மன் மைக்கைப் பிடித்தார். வழக்கமாக நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

"வெலை ஏறும், ஏறும்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க. நம்ம வெர்னா ஒரு காசு ஏத்தல, பாத்தீங்கல்ல? அப்போ வரியைக் கட்டினது யாரு? அவ சொன்ன மாதிரி சீனாக்காரங்கதான்!"

கைதட்டல். லோவெல் எழுந்து நின்று விசிலடித்தான். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

நான் கையை ஆட்டியிருந்தால் போதும். உண்மையைச் சொன்னால் அந்தக் கைதட்டல் போய்விடும், நான் சொன்னதை நம்பி ஓட்டுப் போட்டவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று ஒரு நொடி நின்றேன். ஒரு நொடிதான். நான் சொல்லைக் காப்பாற்றியதையே காட்டி நான் சொன்ன தப்பை நிஜமாக்குகிறார்கள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. நடந்துபோய் மைக்கை வாங்கினேன்.

"கட்டினது நான். சீனாவுல யாரும் ஒரு காசு கட்டல. என் படகு எங்க, என் கடை எங்கன்னு கேட்டீங்களே — அங்கதான் போச்சு. இறக்குறவங்கதான் கட்டணும், அப்புறம் அது வெலையில ஏறி வாங்குறவங்க கட்டணும். எனக்கு எல்லாம் தெரியும்னு உங்ககிட்ட பேசினேன். தெரியல. தப்பா சொல்லிட்டேன், என் பேச்சக் கேட்டு ஓட்டுப் போட்டவங்க மன்னிக்கணும். இப்போ வாணம் விடப்போறேன், உக்காருங்க."

ஒருவர்கூடக் கை தட்டவில்லை. பின்னாலிருந்து யாரோ, "அவளுக்குப் பேரம் பேசத் தெரியல, அதான்" என்றார்கள். லோவெல் நாற்காலியை மடித்துக்கொண்டு போய்விட்டான்.

இருபத்திரண்டு நிமிஷம், ஒரு வாணம் குறையாமல் விட்டேன். இத்தனை வருஷத்தில் இதுதான் நான் செய்ததிலேயே நல்ல வேலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்று காலை மைதானம் சுத்தம் செய்கிற வேலை. வாணம் வெடித்து விழுந்த அட்டைத் துண்டுகளைப் பொறுக்க வருஷா வருஷம் வாளியோடு ஐம்பது பேராவது வருவார்கள். இன்று பதினொரு பேர். அதில் ஒருவன் ரஸ், பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்ன. அந்த மூலையில நெறைய கெடக்கு, போய்ப் பொறுக்கு."

எட்டு மணிக்கு லோவெல் வந்தான். வாளி இல்லை. என் முன்னால் வந்து நின்றான்.

"ஊரு முன்னாடி என்ன முட்டாளாக்கிட்ட."

"முட்டாளானது நான்டா."

"நீ சொன்னதாலதானே ஓட்டுப் போட்டேன். நான் படுத்துக் கெடந்தேன், அக்கா. நீதான் கூட்டிட்டுப் போன."

"ஆமா."

பூட்ஸால் புல்லைக் கிளறிக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான்: "டிராக்டருக்கு ஒரு பார்ட் வெளிநாட்டுலேருந்து வரணும். வெலைய ஏத்திட்டான்னு டீலரைத் திருடன்னு திட்டிட்டு வந்தேன். முப்பது வருஷப் பழக்கம். அதுவும் இதுதானா?"

"அதுவும் இதுதான்."

குனிந்து பொறுக்க ஆரம்பித்தான். என் வாளியில் போட்டான். அரை மணி நேரத்தில் வாளி நிறைந்தது. கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த தடவ நானே படிச்சுப் பார்த்து ஓட்டுப் போட்டுக்கறேன், அக்கா. நீ எதுவும் சொல்ல வேண்டாம்" என்றான்.

"சரி" என்றேன்.